சர்வேயர் அளந்த பக்லாவா

தட்டின் மூலையில் ஒரு துண்டு அளவுக்குப் பள்ளம். வாயைத் துடைத்துக்கொண்டே சர்வேயர் ஃப்ரிட்ஜுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். குளிர்ந்த பால் மெல்ல ஊர்ந்து வந்து அந்தப் பள்ளத்தில் தேங்கிக்கொண்டிருந்தது.

மொத்தம் இருபத்துநாலு துண்டு. ஆறு வரிசை, வரிசைக்கு நாலு. அவர் மனைவி மூன்று மாதமாக மாவோடு மல்லுக்கட்டிச் செய்தது. துருக்கி நாட்டுப் பக்லாவாவில், காகிதம் மாதிரி மாவு ஏடுகளுக்கு நடுவே பிஸ்தாவைத் தூவிச் சுட்டு, மேலே சர்க்கரைப்பாகு ஊற்றுவார்கள். அவளோ பாகை விட்டுவிட்டுப் பாலை ஊற்றி, கோகோ தூவிக் குளிரவைத்திருந்தாள். ஹோட்டல் ஆர்டர் மட்டும் கிடைத்துவிட்டால் சொந்தக் கடையே போட்டுவிடலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அவள்தான்.

"ஃப்ரிட்ஜைத் திறந்தீங்களா?"

"தண்ணி எடுக்கத் திறந்தேன்."

"அந்தத் தட்டுல கை வச்சிடாதீங்க. நாலு மணிக்கு ஹோட்டல்லேர்ந்து ஆள் வருவார்."

"எனக்கென்ன வேலை அதுல? நான்தான் இனிப்பே தொடறதில்லையே."

"அதான் தெரியுமே" என்று வைத்துவிட்டாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அவள் சமையலுக்கு சர்வேயர் கொடுத்த ஒரே பட்டம் "பரவாயில்ல." அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது விரலை நக்கிக்கொண்டு நின்றார். மேல் ஏடு மொறுமொறுவென்று உடைந்தது, அடி ஏடு பாலில் ஊறிக் கரைந்தது. அடேயப்பா, இவளுக்கு இது எப்படிக் கைவந்தது!

வரிசையில் மூன்று மட்டும் நின்றால்தானே சந்தேகம் வரும்? வரிசையே இல்லாவிட்டால்? மூன்றையும் தின்றார். இப்போது தட்டின் ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது. தன் வேலைப் பெட்டியிலிருந்து அடிக்கோலை எடுத்து அளந்தார். சின்னத் தட்டுக்கு மாற்றினால் கச்சிதமாக இருக்கும் என்று கணக்குச் சொன்னது. மாற்றும்போது மூன்று துண்டு நொறுங்கியது. நொறுங்கினதை ஹோட்டலுக்கா கொடுப்பது?

மறுபடி போன்.

"குரல் ஒரு மாதிரி இருக்கே. வாயில என்ன?"

"மாத்திரை."

"எத்தனை மாத்திரை?"

"ஏழு" என்று உளறிவிட்டு, "ஏழாம் நம்பர் மாத்திரை" என்று சமாளித்தார்.

மேலே பதிந்திருந்த விரல் தடத்தை மறைக்கக் கோகோ டப்பாவைத் தேடிப் பிடித்து, தாராளமாகத் தூவினார். வாசனை வந்தபிறகுதான் புரிந்தது, அது காப்பித்தூள். ஆறு துண்டு பாழ். சாட்சியம் இருக்கக்கூடாது என்று அதையும் வாயில் போட்டார். காப்பித்தூளோடும் அபாரமாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மீதி பதினொன்று. மணி நாலு. காலிங் பெல் அடித்தது.

கதவைத் திறந்தால், கையில் நோட்டோடு ஹோட்டல் ஆள்.

"தட்டைப் பார்க்கணும் சார்."

சர்வேயர் கையில் இன்னும் அடிக்கோல். என்ன பொய் சொன்னாலும் அவள் ஆர்டர் போய்விடும். அடிக்கோலைக் கீழே போட்டார்.

"தம்பி, அவ மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான் தின்னேன். ஒண்ணு தொட்டா நிறுத்த முடியலப்பா. நானும் எத்தனையோ ஊர்ல, எத்தனையோ விருந்துல சாப்பிட்டிருக்கேன். இவ கைக்கு ஈடு கிடையாது. இதை இத்தனை வருஷத்துல அவகிட்ட ஒரு தடவை சொன்னதில்ல, முட்டாள் நான். ஆர்டரை மட்டும் வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க. நாளைக்கே வேற தட்டு வரும். மாவு வேணும்னா நானே பிசையறேன்."

ஹோட்டல் ஆள் நேராகச் சமையலறைக்குப் போய், ஒவ்வொரு துண்டாக விரல் நீட்டி எண்ணி, நோட்டில் பதினொன்று என்று எழுதிக்கொண்டு சிரித்தார்.

"நாங்க ருசி பார்க்க வேண்டிய தட்டு முந்தாநாளே வந்துடுச்சு சார், முதலாளியும் சரின்னுட்டார். உங்க வீட்டம்மாதான், 'எங்க வீட்டுக்காரர் யாரும் சொல்லாம பாதித் தட்டைக் காலி பண்ணட்டும், அப்புறம் கையெழுத்துப் போடறேன்'னு பிடிவாதமா நின்னாங்க!"