இருபத்துநான்கு மணி நேரம் நனையக் கூடாது

“விவி, ஒரே ஒரு கேள்வி. நேத்து சாயங்காலம் நீ ஒட்டிவிட்ட இமை முடியோட நான் அழலாமா?”

ஓடும் ரயிலின் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு பாவ்ஜு போனில் கேட்டாள். எதிரே கண்ணாடியில் அவளுடைய இமைகள் கன்றுக்குட்டியின் இமைகள் மாதிரி அடர்த்தியாக, கன்னங்கரேலென்று, அநியாயத்துக்கு அழகாக இருந்தன.

“என்னக்கா நீங்க! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இருபத்துநாலு மணி நேரம் தண்ணி படக் கூடாது, ஆவி படக் கூடாது, வேர்வை படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, கையால தேய்க்கவே கூடாது. அதுவும் இந்தப் பாழாப்போன வெயில்ல பசை சீக்கிரம் பிடிக்காது. அழறதாமே! வீட்டுக்காரரோட சண்டையா?”

“இல்ல. எங்கப்பா செத்துட்டாரு. காலைல ஆறு மணிக்கு.”

தைபேயில் தன் அழகு நிலையத்தில் யாருக்கோ தலைமுடி உலர்த்திக்கொண்டிருந்த இயந்திரத்தை விவி அணைப்பது கேட்டது.

“ஐயோ அக்கா...” என்றாள் விவி. ஆனால் தொழில் புத்தி யாரை விட்டது? “சரி, இப்படிப் பண்ணுங்க. குனிஞ்சு அழுங்க. தலையை நல்லா தொங்கப் போட்டுட்டா கண்ணீர் நேரா தரையில சொட்டிடும், இமையில தங்காது. வேர்வை இறங்காம நெத்தியில பவுடர் போட்டுக்கோங்க. அழுது முடிச்சதும் சின்ன ஃபேன் வெச்சுக் காய வெச்சிடுங்க. இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி?”

“ஆறு மணி நேரம்.”

“அவ்வளவுதானே! முடிஞ்சா அடக்கிக்கோங்க. அதுதான் எல்லாத்துக்கும் நல்லது.”

அடக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான் பாவ்ஜுவின் சங்கடம். அண்ணன் போன் செய்த நேரத்திலிருந்து கண்ணில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. முகப்பூச்சு விற்கும் கடையின் மேனேஜரிடம் லீவு சொன்னாள், கறுப்புச் சட்டையைத் தேடி எடுத்தாள், டிக்கெட் வாங்கினாள், உட்கார்ந்து அழுகைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மனசு கல்லாகிவிட்டதா என்று அவளுக்கே பயமாகப் போய்விட்டது.

அப்பா அடித்ததில்லை, திட்டியதில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அவள் முகத்தை நேராகப் பார்த்ததும் இல்லை. அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, “அவளைச் சாப்பிடச் சொல்லு” என்று அண்ணனிடம் சொல்வார். அம்மா இருந்தவரை, “அவர் சுபாவம் அப்படி” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். பெண்ணாய்ப் பிறந்ததுதான் தன் குற்றம் என்று பாவ்ஜு சின்ன வயசிலேயே முடிவு கட்டிவிட்டாள். அம்மாவும் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

இதில் அண்ணி மெய்யூன் வேறு, போன புத்தாண்டு விருந்தில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் சொல்லியிருந்தாள். “மாமா போற அன்னிக்குப் பாருங்க, இவ ஒரு சொட்டு விட மாட்டா.” எல்லாரும் சிரித்தார்கள். பாவ்ஜுவும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள்.

பாவ்ஜு பிறந்த எங்கள் மாதோ ஊரில் கட்டிக்கொடுத்த பெண் அப்பன் செத்த வீட்டுக்குள் சும்மா நடந்து போய்விட முடியாது. தெருமுனையிலேயே மண்டி போட்டு, வாய்விட்டு அழுதுகொண்டே வீடு வரை ஊர்ந்து போக வேண்டும். தெரு முழுக்க வாசலில் நின்று பார்க்கும். குரல் எத்தனை வீடு தாண்டிக் கேட்டது, முட்டி எவ்வளவு தேய்ந்தது என்று மார்க் போடாத குறைதான். இப்போதெல்லாம் பல வீடுகளில் விட்டுவிட்டார்கள். மெய்யூன் விடுகிற ஆளா?

அண்ணன் ஜிந்தே மறுபடி போன் செய்தான். “தெருமுனையில இறங்கிடு. பந்தலுக்கு ஆள் சொல்லியாச்சு, நீ வர்றதுக்குள்ள போட்டுடுவாங்க. பந்தலைப் பார்த்து வந்துடு. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை.”

டாக்சிக்காரர் கண்ணாடியில் அவளுடைய கறுப்புச் சட்டையைப் பார்த்தார். “யாரும்மா?”

“அப்பா.”

“இந்த வெயில் பெருசுங்களை வாரிக்கிட்டுப் போகுது. இந்த வாரத்துல எனக்கு இது நாலாவது சாவுச் சவாரி,” என்று சொல்லிவிட்டு ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். நல்ல மனுஷன்.

தெருமுனையில் இறங்கியபோது மணி ஒன்று. முப்பத்தெட்டு டிகிரி. பம்பளிமாஸ் மரங்களின் இலைகள்கூட அசையவில்லை. பாவ்ஜு முதலில் முனைக்கடைக்குள் நுழைந்து, குழந்தைகளுக்குப் போடும் பவுடர் ஒரு டப்பாவும், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி ஃபேன் ஒன்றும் வாங்கினாள். நெற்றி முழுக்க பவுடரை அப்பிக்கொண்டாள். ஃபேனைச் சட்டைக்குள் மறைத்து, காற்று மேல்நோக்கி வரும்படி திருப்பி வைத்தாள். அழுது முடித்த பிறகு வைக்கச் சொன்ன ஃபேனை அழ ஆரம்பிக்கும் முன்பே வைத்துக்கொண்டால் இன்னும் பத்திரம் என்று அவளாக எடுத்த முடிவு அது.

பிறகு தெருவில் மண்டி போட்டாள். தார் சூடேறிய வாணலியாகக் கொதித்தது.

“அப்பா! அப்பா, நான் வந்துட்டேன்ப்பா!”

பதினெட்டு வருஷம் கடையில் நின்று தள்ளுபடி அறிவித்த குரல் அது. துக்கமே இல்லை. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று அடுத்து சொல்லிவிடுவாளோ என்று கேட்பவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரியிடம், “தைபே போனதும் அழறதுகூட மறந்துடுது போல,” என்றாள், காதில் விழும்படியே.

பாவ்ஜு ஃபேனின் வேகத்தைக் கூட்டினாள். கூட்டியிருக்கக் கூடாது. நெற்றியில் அப்பியிருந்த பவுடர் அத்தனையும் புகைபோலக் கிளம்பிக் கண்ணுக்குள் போனது. கண் எரிந்தது. பொலபொலவென்று நீர் கொட்டியது.

‘அப்பாடா, அழுகை வந்துவிட்டது’ என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள். அதை நினைத்து அவமானப்பட அடுத்த நிமிஷம் போதவில்லை.

விவி சொன்னபடி தலையைத் தொங்கப் போட்டாள். தலையைத் தொங்கப் போட்டால் கண்ணீர் கீழே இறங்கும், சரி. வேர்வையும் அதே வழியாகத்தானே இறங்கும்? வேர்வையும் பவுடரும் கண்ணீரும் குழைந்து, இன்னும் இறுகாத பசையோடு சேர்ந்து, களியாகி, மேல் இமையையும் கீழ் இமையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. தேய்க்கக் கூடாது என்று தெரிந்தும் ஒரே ஒரு தடவை தேய்த்தாள். அதோடு சரி. இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டுவிட்டன.

“அடப் பாவமே,” என்றாள் அதே கீரைக்காரி. “கண்ணைத் திறக்கக்கூட முடியாம அழறாடி!”

“பெத்த அப்பன்னா சும்மாவா?”

கண் தெரியாமல், நடுத்தெருவில், மண்டியிட்ட நிலையில் பாவ்ஜு தடவித் தடவிப் போனாள். எழுந்து நிற்கலாமென்றால் தெரு பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரையாவது உதவிக்குக் கூப்பிடலாமென்றால், என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? இமை முடி ஒட்டிக்கொண்டது என்றா? அண்ணி அதை அடுத்த இருபது புத்தாண்டுக்குச் சொல்லிச் சிரிப்பாளே!

எங்கிருந்தோ, சாவு வீட்டில் ஓயாமல் ஓடவிடும் மந்திரப் பெட்டியின் ஓதல் கேட்டது. ஊதுபத்தி வாசனை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்தாள். கொஞ்ச தூரத்தில் முதுகில் வெயில் விழுவது நின்றது. நெற்றி ஒரு இரும்புக் கம்பத்தில் மோதியது. பந்தல்! அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை.

“அப்பா, வந்துட்டேன்ப்பா!” என்று கையை நீட்டினாள்.

யாரோ ஒரு ஆண், “யாரும்மா நீ...” என்று ஆரம்பித்தான். “நீ சும்மா இரு,” என்று ஒரு பெண் குரல் அவனை அடக்கியது.

சொரசொரப்பான ஒரு கை வந்து அவள் முகவாயைப் பிடித்து, முகத்தை நிமிர்த்தியது. ஈரத்துண்டு ஒன்று கண்மேல் அழுந்தியது.

“ஐயோ, நனைக்காதீங்க! இன்னும் அஞ்சு மணி நேரம் நனையக் கூடாது!”

“என்னது நனையக் கூடாது? அழுடி கண்ணு. எத்தனை வருஷத்து அழுகையோ, வெச்சுக்காத. அழுது தீத்துடு,” என்றது அந்தக் குரல்.

அப்பன் வீட்டில் இதுவரை யாரும் அவள் முகத்தை இப்படி நிமிர்த்திப் பிடித்ததில்லை. அந்தக் கையின் சூட்டில் பாவ்ஜுவுக்குள் என்னவோ உடைந்தது. அழுதாள். கடைக்குரல் போய் அவளே அறியாத ஒரு குரல் வந்தது. என்னை ஏம்ப்பா பார்க்கவேயில்லை, நான் என்னப்பா தப்பு செஞ்சேன் என்று கேட்டுக் கேட்டு அழுதாள். தரையில் புரண்டு அழுதாள். பந்தலில் இருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அந்தக் கை அவள் தலையில், செத்தவரின் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் சணல் துக்கத் துணி ஒன்றை மாட்டிவிட்டது. துண்டில் இமை முடிகள் செத்த எறும்புகளாக ஒட்டிக்கொண்டு வந்தன. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கண் திறந்தது.

எதிரே பூ மாலைகளுக்கு நடுவே இருந்த படத்தில், தெருவின் சைக்கிள் கடை ஆஷுய் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். துண்டோடு பக்கத்தில் நின்றது அவர் மனைவி, ஷுய் அத்தை. மாமாவின் இரண்டு மகன்களும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து மெய்யூன் மூச்சிரைக்க ஓடி வந்தாள். “ஏய்! உங்கப்பா அங்க அனாதை மாதிரி கிடக்குறாரு, நீ இங்க யாருக்குடி ஒப்பாரி வைக்கிற? இது செத்து மூணு நாள் ஆன வீடு! நம்ம வீட்டுப் பந்தல் ஆளுங்க இப்பதான் கம்பத்தையே இறக்குறாங்க!”

பந்தலில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டு இருமினார்கள். பாவ்ஜு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், நான்கு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு ஓடினாள்.

அங்கே கூடத்தில் அப்பா கிடந்தார். மூடிய கண்களோடும் அவர் முகம் சுவர்ப் பக்கமாகவே சாய்ந்திருந்தது. பாவ்ஜு மண்டி போட்டாள். ஒன்றும் வரவில்லை. ஊதுபத்திப் புகையை முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். தொடையைக் கிள்ளிக்கொண்டாள். அம்மாவை நினைத்துக்கொண்டாள். ஒரு பொட்டுக்கூட இல்லை.

சொந்தக்காரர்கள் அவள் பின்னால் குசுகுசுத்தார்கள்.

“செத்தவங்க மேல கண்ணீர் விழக் கூடாதுன்னு சொல்லுவாங்களே,” என்று பாவ்ஜு மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“அவர் மேல விழத்தான் கூடாது. உன் கண்ணுல வரவே கூடாதுன்னு யாரு சொன்னது?” என்றாள் மெய்யூன். “அங்க குடம் குடமா ஊத்துன. தெருவே பார்த்துச்சு. பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு இல்ல. நான் அன்னிக்குச் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சீங்களே, இப்ப சிரிங்க!”

“விடு மெய்யூன்,” என்றான் ஜிந்தே. அவன் குரலில் பலமில்லை.

“எதை விடறது? தலையில பாரு, அவங்க வீட்டுத் துணி! ரெண்டும் பையனா பெத்தவங்க அவங்க. அந்த வீட்டுல போய் மகளாட்டம் துணி வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து நிக்குறா. முதல்ல அதைக் கழட்டி அங்க குடுத்து, காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வா. அப்புறம் இங்க அழுவியோ சிரிப்பியோ, உன் இஷ்டம்.”

பாவ்ஜு துணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் இறங்கவே இல்லை. ஒரு கண்ணில் நான்கு முடி, மற்றதில் ஒன்றுமில்லை. தான் எப்பேர்ப்பட்ட பெண் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஊராரின் அப்பனுக்கு நெஞ்சு வெடிக்க அழுதுவிட்டு, சொந்த அப்பன் முன்னால் மரமாக உட்கார்ந்திருந்த பெண் உலகத்தில் தன்னைத் தவிர வேறு யார் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். இனி இந்தத் தெருவுக்குள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது?

ஷுய் அத்தை பந்தலுக்கு வெளியே தனியாக, செத்தவருக்கு எரித்து அனுப்பும் காகிதப் பணத்தை ஒவ்வொன்றாகத் தீயில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அத்தை, மன்னிச்சிடுங்க. கண்ணு தெரியாம வீடு மாறி வந்து அழுதுட்டேன். உங்க துக்கத்துல நான் வேற வந்து கூத்தடிச்சுட்டேன். இந்தாங்க, உங்க துணி.”

அத்தை துணியை வாங்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைத் தீயில் போட்டார். பிறகு எழுந்து, துணியை உதறி, பாவ்ஜுவின் தலையில் மறுபடியும் நேராக மாட்டிவிட்டார்.

“நீ ஒண்ணும் வீடு மாறலம்மா,” என்றார். “மகளுக்கும் ஒரு துணி வெட்டி வைக்கச் சொல்லிட்டுத்தான் எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடினாரு.”