அரைக் குதிரை கேட்ட வீட்டில் இரண்டு குதிரை

அன்புள்ள மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம், மோட்டார் நலம், சமையலறைச் சுவர்தான் இன்னும் காயவில்லை. அங்கு உங்கள் எல்லோருடைய நலமும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உன் அக்காளின் கோப அளவும் அறிய ஆவல்.

அவள் பக்கத்தைக் கேட்டிருப்பாய், என் பக்கத்தையும் கேள் தம்பி. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பழைய மோட்டார் புகைந்து போனதும் "பிளம்பரைக் கூப்பிடுங்க" என்றாள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்குப் பிளம்பர் எதற்கு? மோட்டார் தகட்டில் முந்நூற்றெழுபது வாட் என்றிருந்தது. கடையிலோ எல்லாம் எச்.பி., அதாவது குதிரைத்திறன் என்ற குதிரைக் கணக்கு. ஒரு குதிரைக்கு எழுநூற்று நாற்பத்தாறு வாட், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வகுத்ததும் தூக்கத்தில்தான் போலிருக்கு. 370-ஐ 746-ஆல் வகுப்பதற்குப் பதிலா 746-ஐ 370-ஆல் வகுத்தேன். ரெண்டு வந்துச்சு. விடை இவ்வளவு அழகா வந்தா சரியாத்தானே இருக்கணும்? கடைக்காரர் "ஒரு மாடிக்கு அரைக் குதிரை போதுமே சார்"னு இழுத்தார். "நான் யாருன்னு தெரியுமா?"ன்னு கேட்டேன். பாவம், தெரியாததால கொடுத்துட்டார்.

சுவிட்சைப் போட்டதும் சமையலறை ஜன்னல் ஓரமா ஏறுற குழாயோட மூட்டு பிடுங்கிக்கிட்டு, அடுப்பு, மாவு டப்பா, உன் அக்கா எல்லாம் ஒரே நேரத்துல நனைஞ்சாச்சு. மண் குதிரையை நம்பி ஆத்துல இறங்கினவனைக் கேள்விப்பட்டிருக்கோம், ரெண்டு நிஜக் குதிரையை நம்பி சமையலறையையே ஆறாக்கினவன் நான் ஒருத்தன்தான். முகத்தைத் துடைச்சுக்கிட்டு அவ ஒண்ணுதான் கேட்டா: "எத்தனை பிள்ளைங்களுக்கு இப்படிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?" அன்னைக்கே பையைத் தூக்கிட்டா. நான் தலைகீழா நின்னாலும் திரும்ப வரமாட்டேன்னு பக்கத்து வீட்டு அம்மாகிட்ட போன்ல சொன்னாளாமே. கணக்கைத் தலைகீழாக்கினதுதானே தம்பி தப்பே!

திட்ட ஆளில்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோட்டாரை அரைக் குதிரைக்கு மாற்றிவிட்டேன். இனி வாட், குதிரை என்ற பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன். எப்படியாவது அக்காவைச் சமாதானப்படுத்தி அனுப்பி வை.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. அக்காவிடம் மட்டும் முகம் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
ஈரம் காயாத அத்தான்

பி.கு.: அவள் மனம் குளிர வெந்நீர் ஹீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். மூவாயிரம் வாட். வீட்டுப் பழைய ஒயர் தாங்காது என்று கடையில் பயமுறுத்தினார்கள். 746-ஐ 3000-ஆல் வகுத்துப் பார்த்தேன், கால் குதிரைகூட முழுசாக இல்லை. இதோ சுவிட்சைப் போட்டுவிட்டு வருகிறேன்.

இன்னொரு பி.கு.: ஒயர் கருகிப்போச்சு. அக்காவை அனுப்பாதே, நானே அங்கே வர்றேன். ஏன் வந்தார்னு அவ கேட்டா, உன்னைப் பார்க்காம இருக்க முடியலையாம்னு சொல்லு. அது ஒண்ணு மட்டும் சரியான கணக்கு.