புகைப்படம் உடல்நலத்திற்குக் கேடு

எதையாவது பார்த்தால் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுகிற வியாதி சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. எனக்கு அது முற்றிப்போன கேஸ். மலைப்பாதையில் மண் சரிந்து பொக்லைன் வந்து அள்ளுகிறது என்றால், பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்ப்பேன். பாதை சரியாகி நான் வந்த பஸ் கிளம்பிப் போன பிறகும் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வியாதி இருக்கிறவனிடம் கல்யாண வீட்டு வீடியோ கேமராவைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தார்கள். அதுவும் என் சொந்த அண்ணன் கல்யாணத்தில்.

அது 2008. எனக்கு இருபத்தொரு வயது. பெருமாள்மலையிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கொடைக்கானல் போய், ஜோசப் அண்ணனின் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். ஆல்பம் அட்டைகளுக்குத் தமிழில் டைப் அடிப்பதுதான் முக்கியமான சோலி. ஒரு நாளைக்கு 'திருமணப் புகைப்படங்கள்' என்று பத்து தடவையாவது அடிப்பேன். கேமராவைத் தொட அனுமதி கிடைத்தே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. (அதற்குள் என்னை நானே ஒளிப்பதிவாளர் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.)

என் அண்ணன் குமார் ஜீப் ஓட்டுகிறவன். அவனுக்குப் பாலசமுத்திரத்தில் பெண் எடுத்தோம். ஒரே குறை, குவைத்தில் நர்ஸாக இருந்த மல்லிகா அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா காப்பித் தோட்டத்து வேலைக்கு வெள்ளனே போய்விடுவாள். எங்கள் இரண்டு பேரையும் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு விரட்டி வளர்த்தவள் அக்காதான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் போன் பண்ணினாள்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான்டா கேக்கேன். குமாரு தாலி கட்டுறத மட்டும் விடாம எடுத்துரு. மத்தது எப்படியும் போகட்டும். நெட்டுல ஏத்திவிட்டேன்னா நான் இங்க இருந்தே பாத்துக்கிருவேன்."

"கண்ண மூடிக்கிட்டே எடுப்பேங்க்கா" என்றேன். (கண்ணைத் திறந்துகொண்டு எடுத்ததால்தான் வினையே வந்தது.)

மறுநாள் காலை முகூர்த்தம். மணவறையில் அண்ணன், அண்ணி, ஐயர். அண்ணிக்குப் பக்கத்தில் அவருடைய தாய்மாமா, துபாயிலிருந்து வந்தவர். ஜோசப் அண்ணன் கீழே நின்று போட்டோ எடுக்க, நான் மேடை ஏறி வீடியோ பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்போதுதான் துபாய் மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார்.

"ஏப்பா, மணவறையில நின்னுக்கிட்டா சிகரெட்டு?" என்று ஒரு பெரியவர் எகிறினார்.

"தீப்பெட்டி எங்க இருக்கு, காட்டுங்க பாப்பம்?" என்றார் மாமா. "இது எலக்ட்ரானிக் சிகரெட்டுங்க. செல்போன் மாதிரி சார்ஜ் போட்டு இழுக்கிறது. வர்றது புகையில்ல, ஆவி. இட்லிச் சட்டியில வருதுல்ல, அந்த மாதிரி."

சொல்லிவிட்டு ஒரு இழுப்பு இழுத்தார். நெருப்பே வைக்காத அதன் நுனி சிவப்பாகப் பற்றிக்கொண்டது! இழுப்பதை நிறுத்தினால் அணைந்தது. மறுபடி இழுத்தால் மறுபடி சிவப்பு. சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை. மூக்கு வழியாக வெள்ளை வெளேரென்று வந்த புகை, என் கண் முன்னாலேயே இருந்த இடம் தெரியாமல் போனது. எங்கள் பெருமாள்மலையில் மார்கழி மாதக் காலையில் கைக்குழந்தைகூட வாயால் புகை விடும். அதில் அதிசயமில்லை. ஆனால் பாலசமுத்திரத்து வெக்கையில், ஒரு மனுசன் தீயில்லாமல் மேகம் விடுகிறாரே! அடேயப்பா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. மனுசமூளை எங்கேயெல்லாம் போகிறது பார், நாமோ இன்னும் ஆல்பம் அட்டைக்கு டைப் அடித்துக்கொண்டிருக்கிறோமே என்று கண் கலங்காத குறை. மாமா பக்கமாகத் திரும்பி நின்று, அந்தச் சிவப்புப் புள்ளியைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, அதைத் துல்லியமாகப் பிடிக்கப் படாதபாடு பட்டேன்.

எங்கேயோ "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று சத்தம் கேட்டது. அம்மா குலவை போட்டாள். என் தலைமேல் அரிசியும் பூவும் விழுந்தன. அட, மாமாவின் வித்தையை எல்லோரும் பாராட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக!

திரும்பிப் பார்த்தபோது அண்ணன் அண்ணியின் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். தாலி ஏற்கெனவே அவர் கழுத்தில் இருந்தது.

"எடுத்துட்டியாய்யா?" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ம்" என்றேன். அந்த ஒரு எழுத்துக்கு நரகத்தில் தனி அறை இருக்கும்.

மறுநாள் ஸ்டூடியோவில் ஓட்டிப் பார்த்தோம்.

"தாலி எங்கடா?" என்றார் ஜோசப் அண்ணன்.

"பின்னாடி இருக்குண்ணே."

"பின்னாடின்னா?"

"என் முதுகுக்குப் பின்னாடி."

அவர் எடுத்த போட்டோக்களைத் தேடினோம். மூன்று முடிச்சுக்கும் மூன்று போட்டோ எடுத்திருந்தார். மூன்றிலும் தாலியை மறைத்துக்கொண்டு என் முதுகு. ஜோசப் அண்ணன் மூன்றையும் இன்னொரு தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"அக்காவ ஏமாத்தாத. உள்ளத அனுப்பு" என்றார் கடைசியில். "மேளச் சத்தமாவது கேக்கட்டும். ஆனா நெட்டுல போடுறே, கீழ சிகரெட்டுக்கு ஒரு எச்சரிக்கை எழுதிப் போடு."

"அக்கா மட்டுந்தானண்ணே பாக்கப் போகுது?"

"நெட்டுங்கிறது பஸ் ஸ்டாண்டுடா, எவன் வேணா வந்து நிப்பான். நீ எடுத்திருக்கிற அழகுக்கு, பாக்குற பயக எல்லாம் அது எங்க கெடைக்கும்னு அலையப் போறானுக."

"அது சிகரெட்டே இல்லன்னு மாமா சொன்னாரேண்ணே. வெறும் ஆவின்னாரு."

"உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கேன்."

"என்னன்னே தெரியாதத நெஞ்சுக்குள்ள இழுத்து விட்டா, அது கேடுதான். போடு."

'புகைப்பது உடல்நலத்திற்குக் கேடு' என்று சிவப்பெழுத்தில் அடித்தேன். அடித்ததாகத்தான் நினைத்தேன். 'புகைப்' வரை மூளை சொல்லிக்கொடுத்தது. மிச்சத்தை, தினமும் ஆல்பம் அட்டை அடித்துப் பழகிய விரல்கள் தாமாகவே பார்த்துக்கொண்டன. பிரவுசிங் சென்டரில் அரை நாள் உட்கார்ந்து அந்த வீடியோவை ஏற்றி, அக்காவுக்கும் பெண் வீட்டாருக்கும் தகவல் சொன்னேன். எச்சரிக்கை போடச் சொன்னது ஜோசப் அண்ணன் என்றும் அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

முதலில் துபாய் மாமாவிடமிருந்து ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. "ஏங்க, புகைப்படம் உடல்நலத்திற்குக் கேடுன்னு போட்டிருக்கீங்களே, அப்புறம் எதுக்குங்க போட்டோக் கடை வெச்சிருக்கீங்க?" என்றாராம். ஜோசப் அண்ணன் போனை வைத்துவிட்டு, டைப் அடிக்கும் நாற்காலியைக் காட்டி, "எந்திரிடா" என்றார். ஒரு மாதம் கடை கூட்டினேன்.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"ரூம்ல உள்ள பிள்ளைங்க எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பாத்தோம்டா. ஊர்ல போட்டோ எடுத்தா என்ன வியாதி வரும்னு எங்கிட்ட கேக்குதுக."

அக்கா சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த மாமாகிட்ட சொல்லு, இட்லி ஆவியெல்லாம் இல்ல அது. சிகரெட்டுல உள்ள அதே நிக்கோட்டின் அதுலயும் இருக்கும். ஜோசப் அண்ணன் சொன்னதுதான் சரி, நீ எழுதினதுதான் தப்பு" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "மேளச் சத்தம் கேட்டுச்சுடா. அம்மா கொலவ போட்டதும் கேட்டுச்சு. குமாரு மொகந்தான்..." என்று நிறுத்தினாள். அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஸ்டூடியோ வாசலில், டூரிஸ்ட்டுகள் பார்க்கப் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதேன்.

அடுத்த ஆடியில்தான் அக்காவுக்கு லீவு கிடைத்தது. பதினெட்டாம் பெருக்கன்று அண்ணிக்குத் தாலிக்கயிறு மாற்ற, அம்மா மஞ்சள் கயிறோடு உட்கார்ந்தாள்.

"நீ இரும்மா. குமாரே கட்டட்டும், நான் பாக்கணும்" என்றாள் அக்கா.

"என்னக்கா இது, பிள்ளத்தாச்சிய வெச்சுக்கிட்டு..." என்று அண்ணன் நெளிந்தான்.

"கட்டுடா. ஏலே, நீ கேமராவ எடு."

"நானா?"

"நீதான்."

அம்மா குலவை போட்டாள். அண்ணன் முடிச்சுப் போட்டான். நான் அவன் கையையும் முகத்தையும் விட்டுக் கேமராவை இம்மியும் நகர்த்தவில்லை. பக்கத்தில் அக்கா அழுதாளா சிரித்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

அதிலிருந்து வருசம் தவறாமல் இது நடக்கிறது. ஒரே பெண்டாட்டிக்கு இத்தனை தடவை தாலி கட்டியவன் எங்கள் மலையிலேயே என் அண்ணன் ஒருவன்தான். ஒவ்வொரு தடவையும் அண்ணி கழுத்தைக் குனிந்தபடியே கேட்பார்: "கொழுந்தனாரே, கேமரா இந்தப் பக்கந்தான இருக்கு?" நான் "ஆமாங்க அண்ணி" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் அண்ணன் முதல் முடிச்சைப் போடுவான்.