பொன்னுரங்கம் புலியார் பல் கட்டிய மொய் விருந்து

ஒரு காட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. புலியில் தொடங்காமல் ஆஸ்பத்திரியில் தொடங்குகிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். இப்போதெல்லாம் எந்தக் காட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். புலி அப்புறம்தான் வரும், அதுவும் டோக்கன் எடுத்துக்கொண்டு.

அந்தப் புலியின் பெயர் பொன்னுரங்கம். ஒரு காலத்தில் அவர் கொட்டாவி விட்டாலே நாலு மான் மயங்கி விழுமாம். இதைச் சொன்னது அவரேதான். வயது ஏற ஏறப் பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. கடைசியாக நின்ற கோரைப்பல், சுற்றுலா வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன கடலை மிட்டாயில் ஒட்டிக்கொண்டு போனது. எருமை எலும்பை உடைத்த பல் வெல்லப்பாகில் போயிற்று என்று வெளியே சொல்ல முடியுமா? சண்டையில் போனதாகச் சொல்லிக்கொண்டார்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மனைவி சொர்ணம் வேட்டையாடி, கறியை மென்று குழைத்து இலையில் வைத்தாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். வலி வேறு இடத்திலிருந்து வந்தது. ஒரு நாள் காலையில் நடைப்பயிற்சிக்குப் போனபோது, கோதண்டம் என்ற முயல் பாதையோரம் மேய்ந்துகொண்டிருந்தான். அவரைப் பார்த்தும் அவன் ஓடவில்லை. கொஞ்சம் நகர்ந்து வழி விட்டு, “பாத்துப் போங்க ஐயா, முன்னாடி வேர் கிடக்கு, தடுக்கிடப் போகுது” என்றான்.

பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். பயப்படாவிட்டாலும் போகிறது, இரக்கம் காட்டிவிட்டானே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு முயலாவது என்னையப் பாத்து ஓடணும் சொர்ணம். அப்புறம் நான் செத்தாலும் சரி” என்றார்.

இப்படித்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் சிகாமணி ஒரு மரங்கொத்தி. பரம்பரையாகத் துளை போடும் குடும்பம். முதல் ஆலோசனை இலவசம் என்று வாசலில் பலகை தொங்கியது. இலவசம் என்றால் பில் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். டாக்டர் தாடையை மேலும் கீழும் தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, கழற்றி மாட்டுகிற பல்செட். விலை குறைவு. உறுமும்போது மட்டும் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, மேலே நாலு, கீழே நாலு என்று தாடை எலும்பிலேயே திருகாணி இறக்கி, அதன்மேல் முழு வரிசையையும் நிரந்தரமாகப் பூட்டிவிடுவது. மேல் வரிசை நாலு லட்சம், கீழ் வரிசை நாலு லட்சம்.

காட்டில் ஏது ரூபாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரங்கொத்தி டாக்டரானதை வாய் பேசாமல் ஒத்துக்கொண்டீர்கள், ரூபாய்க்கு மட்டும் என்ன கோபம்?

இப்போதைக்கு மேல் வரிசை மட்டும் போதுமா என்று பொன்னுரங்கம் தயங்கிக் கேட்டார். எதை எதனோடு சேர்த்துக் கடிப்பதாக உத்தேசம் என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். அதோடு, பல் இல்லாமல் பல காலம் இருந்ததால் தாடை எலும்பு தேய்ந்திருப்பதாகவும், எலும்புத் தூள் வைத்து நிரப்ப வேண்டும் என்றும், அது தனி என்றும் சொன்னார். ஸ்கேன் தனி. மரத்துப்போக ஊசி தனி. நிரந்தரப் பல் வரும்வரை போட்டுக்கொள்ள ஒரு தற்காலிகப் பல், அதுவும் தனி. ஆக மொத்தம் பத்து லட்சம். பல் துலக்கும் பிரஷ் மட்டும் அன்பளிப்பு.

பணத்துக்கு முதலில் ஆமையிடம் போனார். ஆமைதான் காட்டின் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பொன்னுரங்கம் இளமையிலிருந்து தவணை தவறாமல் கட்டியவர். பல் எப்படிப் போனது என்று ஆமை கேட்டது. விபத்தா, வியாதியா? சங்கடத்தோடு கடலை மிட்டாய் என்றார். அது உணவுப் பழக்கம், அதற்கு எங்கள் பாலிசியில் இடமில்லை, மேலும் பல் என்பது அழகுச் சமாச்சாரம் என்று சொல்லிவிட்டு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே நின்று எவ்வளவு தட்டியும் பதில் இல்லை.

அடுத்து ஆவுடையப்பன். ஓடைக்கரையில் ஃபைனான்ஸ் நடத்தும் அட்டை. வட்டியில்லாத் தவணை, உறிஞ்சுவதே தெரியாது என்று அவரே சொன்னார். நடைமுறைக் கட்டணமாக முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு, கடைசி ஆறு மாத வேட்டைக்கு ஆதாரம் கேட்டார்.

“பல் இல்லையே, எப்படி வேட்டையாடுவேன்?”

“வேட்டை இல்லேன்னா கடன் கிடையாதுங்க.”

“கடன் கிடைச்சாத்தான பல்லு கட்ட முடியும்?”

“அது உங்க பிரச்சனை. நாங்க பல் இருக்கிறவங்களுக்குத்தான் பல் கட்டக் கடன் தர்றோம்” என்றார் ஆவுடையப்பன். எடுத்த ரத்தத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதையும் மரியாதையாகத் தெரிவித்தார்.

கடைசியில் வழி சொன்னவள் சொர்ணம். அவள் பிறந்த பக்கத்தில், பணமுடை வந்தால் மொய் விருந்து வைப்பார்கள். ஊரைக் கூப்பிட்டு இலை போட்டால், சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் வீட்டில் விருந்து வரும்போது, வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். விருந்து வைக்காதவர் வீட்டுக்கு, வாங்கிய மொய்யைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனால், உறவை முறிக்க வந்ததாக அர்த்தம்.

“இத்தனை வருஷமா எல்லா வீட்டுக்கும் நாம செஞ்சிருக்கோம்ல. இப்ப அவங்க செய்யட்டும்” என்றாள்.

செய்தது உண்மைதான். நல்ல காலத்தில் பொன்னுரங்கம் ஒரு மான் வீட்டு விருந்தையும் விட்டதில்லை. போய் மொய் எழுதுவார். மறு வாரம் அந்த வீட்டில் ஒரு தலை குறையும். யாரும் தப்பாக நினைப்பதில்லை. கடன்பட்டவரைக் கடிக்கலாம், கடன் கொடுத்தவரைக் கடிக்கக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். நம் ஊரிலும் ஏறக்குறைய அதுதான்.

அழைப்பிதழ் போனது. பல் கட்டுவதை முன்னிட்டு என்று அதில் வெளிப்படையாகவே அச்சிட்டிருந்தது. மான்கள் கூட்டம் போட்டன. நம்மைத் தின்பதற்கான பல்லுக்கு நாமே பணம் கொடுப்பதா என்று இளவட்டங்கள் கொதித்தன. கூட்டத்தில் மூத்தவள் செண்பகவல்லி. அவளுடைய அப்பா வைத்த விருந்தில் பொன்னுரங்கம் ஐயாயிரம் எழுதியிருந்தார். அந்த அப்பாவை அவரே சாப்பிட்டும்விட்டார். கடன் மட்டும் மகள் தலையில் நின்றது.

“வாங்கின மொய்யைச் செய்யலேன்னா நாளைக்கு நாலு பேர் மூஞ்சியில முழிக்க முடியுமா? எல்லாரும் கிளம்புங்க” என்று சொல்லி அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

கோதண்டத்துக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் காட்டிலேயே கொஞ்சம் யோசிக்கிறவன் அவன்தான். வீடு வீடாகப் போய், கௌரவம் கௌரவம் என்று சொந்தக் கழுத்தை அறுத்துக்கொள்கிறீர்களே என்று எடுத்துச் சொன்னான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. செண்பகவல்லி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உன் பெயரில் ஒரு நூறு ரூபாயாவது எழுது, இல்லாவிட்டால் நான் தருகிறேன் என்றாள்.

“எனக்கு என்னக்கா பைத்தியமா? சல்லிக்காசு தர மாட்டேன்” என்றான் கோதண்டம்.

விருந்து அமர்க்களமாக நடந்தது. சமைத்தது கரடி. புலிக்கும் மெல்ல வேண்டாம், மானுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று பாயசமும் கீரையும் போட்டார்கள். மைனா மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தது. காட்டெருமை வீட்டார் இருபதாயிரம் என்றதும் பந்தலே திரும்பிப் பார்த்தது. செண்பகவல்லி ஐம்பதாயிரம் எடுத்து வைத்தாள். அதை மான் கூட்டத்தின் பெயரில் மொத்தமாக எழுதப் போன மைனாவைத் தடுத்து, தலைக்குத் தலை தனியாக எழுதச் சொன்னாள். போன வாரம் பிறந்த குட்டியின் பெயரும் மைக்கில் வந்தது. மான் வீட்டுக்கு எவ்வளவு ஜம்பம் பார் என்று காட்டெருமை முணுமுணுத்தது. அதற்காகவே எல்லோரும் அவளைப் பார்த்துத் தலைக்குத் தலை தனியாக எழுத ஆரம்பித்தார்கள். மற்ற முயல்கள் ஆளுக்கு நூறு வைத்தன. பத்து லட்சம் தாண்டிவிட்டது. பொன்னுரங்கம் மேடையேறி நன்றி சொன்னபோது, பல் இல்லாத வாயில் வார்த்தைகள் காற்றாகவே வந்தன. பலர் கண் கலங்கினார்கள்.

டாக்டர் சிகாமணி கொத்தினார், திருகினார், பூட்டினார். எலும்பு ஒட்டும்வரை கூழைத் தவிர எதுவும் கூடாது என்றார். இரண்டு பேருக்கு இரண்டு சமையலா என்று சொர்ணமும் கூழே குடித்தாள். பல மாதம் கழித்து நிரந்தரப் பல் வந்தது. அவ்வளவு வெள்ளைப் பல் எந்தப் புலிக்கும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஓடையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொன்னுரங்கம் வெகுநேரம் நின்றார். அவருக்கு அழுகை வந்தது. இந்த இடத்தில் எனக்கும் அவர்மேல் கொஞ்சம் பாசம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நேராக மான் கூட்டத்துக்குப் போனார். எல்லாம் சிதறி ஓட, செண்பகவல்லி மட்டும் நின்றாள். அவர் அவள் கழுத்தில் பல்லை வைத்தார்.

“கடிங்க ஐயா. ஆனா என் பேர்ல எழுதின மொய்யை யாருக்குத் திருப்பிச் செய்வீங்க?” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல்.

பொன்னுரங்கம் வாயை எடுத்தார். உன் வீட்டில் அடுத்த விருந்து எப்போது என்று கேட்டார். எங்களுக்கு இப்போதெல்லாம் பணமுடையே வருவதில்லை ஐயா, விருந்து வைக்கிற உத்தேசம் இல்லை என்றாள். குட்டியிடம் போனார். குட்டி தன் பெயரில் எழுதிய மொய்யை மழலையில் சொன்னது. காட்டெருமையிடம் போனார். அது மொய் வாசித்த மைனாவைக் கைகாட்டியது. காட்டில் கண்ணில் பட்ட ஒவ்வொரு கழுத்துக்கும் அவர் கடன்பட்டிருந்தார். மொய் வீட்டுக்குப் பொதுவான கடன் என்பதால் சொர்ணத்தின் வேட்டையும் அன்றோடு நின்றது.

சோர்ந்துபோய்த் திரும்பும் வழியில், அதே பாதையோரம், கோதண்டம் மேய்ந்துகொண்டிருந்தான். அந்த வெள்ளைப் பல்லைப் பார்த்தான். பார்த்ததும் ஓடினான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, புதர் புதராகத் தாவி ஓடினான். ஒரு முயல் தன்னைப் பார்த்து ஓடுகிறதே என்று பொன்னுரங்கத்துக்கு மறுபடி அழுகை வந்தது. அழுதுகொண்டே துரத்தினார். முன்பு அவருக்குச் சுட்டிக்காட்டிய அதே வேரில் கோதண்டம் தடுக்கி விழுந்தான்.

“ஐயா, நான் உங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணலையே” என்றான்.

“இல்ல தம்பி. இந்தக் காட்டுல நான் கடன்படாத ஒரே ஆள் நீதான்” என்றார் பொன்னுரங்கம், உண்மையான வருத்தத்தோடு.

பத்து லட்சம் ரூபாய்ப் பல் மென்றது அந்த ஒரு முயலைத்தான். அதிலும் எலும்பைக் கடித்தால் உத்தரவாதம் செல்லாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், எலும்பை ஒதுக்கி வைத்துவிட்டார். இப்போது கணவனும் மனைவியும் மறுபடி கூழ்தான் குடிக்கிறார்கள். மான் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் மொய் அன்புடன் தவிர்க்கப்படுகிறது என்று கொட்டை எழுத்தில் வருகிறது. புதிதாகப் பிறக்கும் முயல்குட்டிகள் மொய் எழுத வசதியாக, ஆவுடையப்பன் ஒரு கடன் திட்டம் தொடங்கியிருக்கிறார். புலியார் வீட்டு வாசலில் காலையிலிருந்தே மொய்யோடு வரிசை நிற்கிறது. வேண்டாம், வேண்டாம் என்று உள்ளிருந்து அவர் கும்பிடுவது தெரிகிறது. வாசல்வரை வந்து நீட்டிய மொய்யைத் தட்டினால் மரியாதை இல்லை என்று, கடைசியில் அவரே கதவைத் திறந்து வாங்கிக்கொள்கிறார்.

நீதி: உன்னைக் கடிக்கப்போகும் பல்லுக்கு முதல் ஆளாகப் பணம் கொடு, கொடுத்ததை மட்டும் உயிருள்ளவரை திருப்பி வாங்காதே.