பெயர் மாற்றப்பட்ட கரடி

ஒரு காட்டில் ஒரே ஒரு கரடி இருந்தது. ஒன்றே ஒன்றுதான். இதை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் வருகிற மேதாவிகள் ஒருவருக்கும் இது ஞாபகம் இருக்கப்போவதில்லை.

கரடியின் பெயர் தணிகாசலம். கொஞ்ச நாளாக அவருக்கு மனசு சரியில்லை. தேன்கூட்டுக்குக் கீழே போய் நிற்பார், எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் அழுதுவிட்டுத் திரும்புவார். கடைசியில் குளத்தங்கரையில் இருந்த மனநல டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு ஆமை, பெயர் கச்சபேசன். யார் எதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்பார், கேட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

"டாக்டர், இது வெளியே தெரிஞ்சா நான் தலைகாட்ட முடியாது" என்றார் கரடி.

"என் ஓட்டைத் தாண்டி ஒரு வார்த்தை போகாது. வாரா வாரம் வாங்க, பேசுவோம்" என்றார் ஆமை.

இரண்டு தடவை பேசியதிலேயே தணிகாசலத்துக்குப் பாரம் பாதி இறங்கியது. அன்று சாயங்காலம் அரைக்கூடு தேன்கூடச் சாப்பிட்டார்.

ஒருத்தர் நிம்மதியாக இருந்தால் இந்தக் காட்டுக்குத்தான் பொறுக்காதே! ஆமை வீட்டிலிருந்து கரடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்ததை மைனா பார்த்துவிட்டாள். மைனா என்றால் சாதாரண மைனா இல்லை, பிரபாவதி. 'மனம் திறந்த மரம்' என்று தினமும் நேரலை நடத்துகிறவள். காட்டில் செல்போன் வைத்திருக்கிற அத்தனை பேரும் அதைப் பார்ப்பார்கள். அன்றைக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"நேயர்களே, நம் காட்டில் ஒருவர் கடும் மன உளைச்சலில் இருக்கிறார். நான் டாக்டர் இல்லை, அதனால் தாராளமாகப் பேசலாம். ஆனால் அவருடைய அடையாளத்தைக் காப்பது என் கடமை. ஆகவே பெயரை மாற்றியிருக்கிறேன். அவரைச் சுந்தரி என்று அழைப்போம். சுந்தரி ஒரு கரடி."

திரையில் போட்டோ வந்தது. கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். மீதிக் கரடி முழுசாக இருந்தது.

நிபுணராக வந்திருந்த வௌவால், "நான் அவரைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அனுபவத்தில் சொல்றேன், இந்தப் போட்டோவில் அவர் தலைகீழாக நிற்கிறார். ரொம்ப முத்திப்போச்சு" என்றார்.

விடிந்ததும் தணிகாசலம் வெளியே வந்தால், அணில் ஓடிவந்து, "சுந்தரி, வெறும் வயித்துல வெந்நீர் குடி, எல்லாம் சரியாயிடும்" என்றது. முயல் தன் குட்டிகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. கரடிக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. கோபமும் வந்தது. நேரே மைனாவிடம் போனார்.

"ஏம்மா, என் விஷயத்தை நீ எப்படிப் பேசலாம்?"

"உங்க விஷயமா? நான் சுந்தரியைப் பத்தித்தானே பேசினேன். நீங்கதான் சுந்தரின்னு இப்போ நீங்களே ஒத்துக்கிட்டீங்க. கேமரா ஓடிட்டிருக்கு, அண்ணே."

விஷயம் ஊடக ஒழுக்கக் குழுவுக்குப் போனது. தலைவர் எருமை, அந்தரங்கம் தொடர்பான விசாரணை என்பதால் அதை எல்லாரும் பார்க்கும்படி நேரலையில் நடத்தினார்.

"கரடிக்கு என்ன பிரச்சினை?" என்று ஆமையைக் கேட்டார்.

"சொல்ல மாட்டேன்."

"காடே பேசுது, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தீர்ப்பு வந்தது. மைனா பெயரை மாற்றியதால் ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது, அவளுக்கு மாலை. ஆமை குழுவிடமே தகவலை மறைத்ததால் டாக்டர் பலகையைக் கழற்ற வேண்டும்.

தணிகாசலம் நொந்துபோனார். துக்கத்தில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார், மீதியைச் சொல்ல இடமில்லை. அந்த நேரம் பார்த்து மைனா கூப்பிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு விவாதம் வச்சிருக்கோம். 'அடுத்தவர் மனசைப் பற்றி நாம் பேசலாமா?' நீங்களும் வாங்க."

இனிமேல் போவதற்கு மானம் எங்கே இருக்கிறது என்று போய் உட்கார்ந்தார். விளக்கு எரிந்ததும் மைனா, வௌவால், எருமை மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். "நான் முடிச்சுடறேன்" என்கிறார் வௌவால். "குறுக்கே பேசாதீங்க" என்று எருமை குறுக்கே பேசுகிறார். தணிகாசலம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆமையிடம் விட்ட இடத்திலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. ஆமையிடம்கூடச் சொல்லத் துணியாததை எல்லாம் சொன்னார். மற்ற மூவரும் நிறுத்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்த காடு முழுக்கக் குனிந்து கமெண்ட் எழுதிக்கொண்டிருந்தது.

"நேரமில்லை. சுந்தரி, உங்க கருத்து ஒரே வரியில்?" என்றாள் மைனா.

"எனக்கு இப்போ நல்லாயிருக்கு" என்றார் கரடி. அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

இப்போது தணிகாசலம் வாரம் தவறாமல் விவாதத்துக்குப் போகிறார். நன்றாகத் தூங்குகிறார். அவருக்கு என்ன துக்கம் என்று, பாதி கேட்ட ஆமையைத் தவிர, இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

நீதி: உங்கள் ரகசியம் யார் காதிலும் விழக்கூடாது என்றால், அதை நேரலை விவாதத்தில் மைக் முன்னால் சொல்லுங்கள்.