பெண்கள் குரூப்பில் ஓர் அண்ணாச்சி

வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் ஆன மறுநாளே மனிதர்களுக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். எனக்கு முளைத்தது வாசல் நிலையில் இடிக்கிற அளவுக்கு.

தென்காசி வட்டாரப் பெண்களுக்கு மட்டுமான குரூப் அது. கடையத்திலிருந்து புளியறை வரை ஆள் உண்டு. எந்த டாக்டரம்மா எரிந்து விழாமல் பேசுவார், எந்த பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காரக் கூடாது, மாமியாருக்குத் தெரியாமல் கேரள எல்லைக்குப் போய் பார்டர் பரோட்டா தின்றுவிட்டு வருவது எப்படி (இதற்குத்தான் பதில் குவியும்) என்று அதில் பேசாத விஷயமே கிடையாது. ஒரு தடவை, ஒருத்தன் தங்கச்சி நம்பரில் உள்ளே புகுந்துவிட்டான். மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது, யாரிடம் காட்டலாம் என்று ஒரு பெண் பயந்து கேட்டிருந்ததைப் படம் பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான். அந்தப் பெண் மறுநாளே குரூப்பை விட்டுப் போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து நானே வாசல் காவலுக்கு நின்றேன். சேர நினைக்கிறவர்கள் எனக்குக் குரல் பதிவு அனுப்பி, நான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால்தான் கதவு திறக்கும்.

என் தம்பிக்கு இது பொறுக்கவில்லை.

"அக்கா, இது அநியாயம். ஆம்பளைங்களுக்கு மட்டும்னு நாங்க ஒண்ணு ஆரம்பிச்சா நீங்க சும்மா விடுவீங்களா?"

"ஊர்ல இருக்க டீக்கடை பூரா உங்க குரூப்புதானலே."

"அங்க யாரு வேணாலும் வரலாம்லா?"

"அப்ப அம்மாவ அனுப்புதேன். பெஞ்சில உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டு வரட்டும்."

அதோடும் நான் விடவில்லை. "குத்தால அருவியில பொம்பளைங்க பக்கம்னு தனியா இருக்குல்லா, அங்க போயி நியாயம் கேப்பியா?"

"அது குளிக்கிற இடம்."

"இது பேசுத இடம்."

வாதத்தில் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த மிதப்பு தெளிவதற்குள் ஒரு சிங்கம் வந்தது.

நிஜமாகவே சிங்கம்தான். கூலிங்கிளாஸ் போட்ட சிங்கப் படம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கிங்'. குரல் பதிவைக் கேட்டேன். லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரி ஒரு கட்டைக் குரல். "நானும் பொம்பளதாம்மா. ஒரு விஷயம் கேக்கணும். என்னையும் சேத்துக்கிடுங்க."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. கேள்வியைப் போட்டேன். "குத்தாலத்துல குளிக்கப் போனா கழுத்துச் செயின என்ன செய்வீங்க?" எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் இதற்குப் பதில் தெரியும். செயினை ஊக்கால் ரவிக்கையோடு சேர்த்துக் குத்திவிட்டுத்தான் அருவிக்குள் தலையைக் கொடுப்போம். இல்லையென்றால் கூட்டத்தில் செயின் போன இடம் தெரியாது.

பதில் வந்தது. "நான் அருவியில குளிச்சதே இல்லியேம்மா. சீசன் வந்தா சொந்தக்காரங்க பூரா எங்க வீட்டுலதான் வந்து எறங்குவாங்க. அவங்க குளிக்கப் போவாங்க. நான் ஆக்கிப் போடுவேன்."

இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு அருவியில் நனையாத பெண்ணா! நான் உடனே என் குரலில் பதில் கொடுத்தேன். "நல்லாக் கதை விடுதீங்க அண்ணாச்சி. உங்க வீட்டு அண்ணி ஆக்கிப் போடுவாங்க, நீங்க உக்காந்து திம்பீங்க. இது பொம்பளைங்க பக்கம். போயி ஆம்பளைங்க பக்கம் குளிங்க, போங்க!" அதோடு விட்டேனா? எல்லாப் பதிவுகளையும் வரிசையாகக் குரூப்பில் போட்டு, 'உஷார்' என்று தலைப்பு வேறு வைத்தேன். குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. உறுப்பினரான என் அம்மாவும் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க சுரண்டையிலிருந்து வருவதாக இருந்தது. இதற்கு முன் வந்த வரன்களெல்லாம் நான் லேபில் வேலை பார்ப்பதைக் கேட்டதும், "கல்யாணத்துக்கப்புறம் எதுக்கு?" என்று ஆரம்பித்தவர்கள். இவர் ஒருவர்தான், "அவங்க வேலைய ஏன் விடணும்?" என்று தரகரிடமே திருப்பிக் கேட்டாராம். போட்டோவிலும் பார்க்கிற மாதிரி இருந்தார். (எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.) இந்த இடம் தட்டிப்போய்விடக் கூடாதே என்று, சாமி கும்பிடாத நான் இரண்டு கோயிலுக்கு வேண்டிக்கொண்டேன்.

வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவர் தம்பி, அப்பா, அம்மா. நான் அடுக்களையில் காபித் தட்டோடு நின்றேன். ஹாலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சாரல் போட்டதும் போட்டுச்சு, ரோடு பூரா வண்டி. வந்து சேருததுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு."

இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். பச்சைப் பட்டுச்சேலை கட்டிய மாப்பிள்ளையின் அம்மாதான் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தம்பி கையில் புதுப் போன். அதன் உறையில் கூலிங்கிளாஸ் போட்ட சிங்கம்.

எனக்கு விளங்கிவிட்டது. நம் வீடுகளில் மகன் புதுப் போன் வாங்கினால் பழையது அம்மாவுக்குத்தான் போகும், அவன் வைத்த படமும் பெயரும் அப்படியே இருக்க. அதை மாற்றித் தர எந்த மகனுக்கும் நேரம் இருக்காது.

அந்த நொடியில் ஒரு முடிவெடுத்தேன். வாயைத் திறந்தால்தானே குரல் தெரியும்? திறக்கவே கூடாது.

"லேப் எங்கன இருக்கும்மா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன்.

"காலையில எத்தன மணிக்குப் போவ?" விரல்களைக் காட்டினேன்.

மாப்பிள்ளை கவலையோடு என்னைப் பார்த்தார். அவர் அப்பா என் அப்பா பக்கம் குனிந்து, "பிள்ளைக்குப் பேச்சு எதுவும்..." என்று இழுத்தார்.

என் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவளுக்கா? நல்லா கேட்டீங்க! ஊரு வாயெல்லாம் இவகிட்டதான் கடன் வாங்கணும். பொம்பளைங்க குரூப்புக்கு இவதான் அட்மின். போன வாரம்கூட ஒரு ஆம்பள, பொம்பளன்னு சொல்லிக்கிட்டு நுழையப் பாத்தான். என்னமா வெரட்டுனா தெரியுமா? இந்தா, கேளுங்க."

நான் அம்மாவின் காலை மிதித்தேன். "கால எடுட்டீ" என்று சொல்லிக்கொண்டே அம்மா பதிவை ஓடவிட்டாள்.

"நானும் பொம்பளதாம்மா..."

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தம்பி தரையைப் பார்த்தான். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் போனைப் பறிக்கப் போனேன். ஆனால் குரல் பதிவுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். சீசன், சொந்தக்காரர்கள், ஆக்கிப்போட்டது எல்லாம் வந்தது. கடைசியில் என் குரலும் வந்தது. "நல்லாக் கதை விடுதீங்க அண்ணாச்சி!" பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் குரலைக் கேட்டது அப்படித்தான்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு அவர் அப்பா. கடைசியாகப் பச்சைச் சேலை ஜன்னல் கம்பி அதிர ஒரு சிரிப்பு சிரித்து, பாதியில் சட்டென்று நிறுத்தி, "பாத்ரூம் எங்கன இருக்கு?" என்று எழுந்தார்.

நான் வாயைத் திறந்தேன். "இங்கன வாங்க அண்ணாச்சி."

சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

திரும்பி வந்தவர் அடுக்களையில் என் முன் நின்றார். "கேஸ் சிலிண்டருக்குப் போன் பண்ணுனா 'சொல்லுங்க சார்'ங்காங்க. அதெல்லாம் பழகிப் போச்சும்மா. ஆனா பொம்பளைங்க எடத்துல இருந்தும் வெளிய போன்னுட்டாங்களே, அதுதான் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையில் இருந்த கொம்பு அங்கேயே உதிர்ந்தது. "மன்னிச்சிருங்க அத்தை. என்ன கேக்கணும்னு வந்தீங்க?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார் (தணித்தும் ஹாலுக்குக் கேட்டிருக்கும்). "இருமுனா, தும்முனா, இப்ப மாதிரி சிரிச்சா, ஒண்ணுக்குக் கசிஞ்சிருது. வீட்டுல மூணும் ஆம்பள. யாருகிட்ட போயி கேக்க?"

பெயர் போடாமல் அந்தக் கேள்வியைக் குரூப்பில் போட்டேன். காபி ஆறுவதற்குள் 'எனக்கும்', 'எனக்கும்' என்று வந்து குவிந்தது. ஒருத்தி டாக்டர் பெயர் தந்தாள், ஒருத்தி பயிற்சி சொன்னாள், ஒரு டீச்சர், 'நான் வெட்கப்பட்டு யாரிடமும் சொன்னதே இல்லை' என்று எழுதினாள். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.

"இத்தன பேருக்கா?" என்றார் அத்தை. கண் கலங்கியிருந்தது. "நான் எனக்கு மட்டும்தான்னுல்லா நெனச்சேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, நிச்சயத்துக்கு உனக்கு என்ன கலர்ல சேல எடுக்க?" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் சீசனில் வழக்கம்போல் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கரண்டியை மாமனார் கையில் கொடுத்துவிட்டு அத்தையைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். செயினுக்கு நானே ஊக்குக் குத்திவிட்டேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் அத்தை போட்ட சத்தத்தில், யாரோ ஆண் இந்தப் பக்கம் வந்துவிட்டான் என்று பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாரையும் விரட்டவில்லை, சிரித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது வீட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். மாமனாரே, "அண்ணாச்சி, சாப்பாடு எடுத்து வைக்கட்டா?" என்றுதான் கேட்கிறார். ஊக்குக் கேள்வியை நான் பெண் பார்க்க வந்த அன்றே தூக்கிவிட்டேன். குரூப்பில் சேர வருகிறவர்களிடம் இப்போது அத்தைதான் பேசுகிறார். பெண்கள் என்றால் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிச் சேர்த்துக்கொள்வார். போன மாதம் ஒருவன் குரலை மெல்லிசாக்கிக்கொண்டு, "நான் கவிதா பேசுதேன்" என்று ஆரம்பித்தான்.

"சொல்லும்மா" என்றார் அத்தை.

அந்தப் பக்கம் மெல்லிசுக் குரல் போய் ஆண் குரலில் பதில் வந்தது. "சாரி சார். பொம்பளைங்க குரூப்புன்னு நெனச்சிட்டேன்."