பின்னணியாரும் ஒரு சொட்டு ரத்தமும்

பின்னணியார் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாதென்றால், இதுவரை அவரிடம் நீங்கள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்று அர்த்தம். கொடுத்து வைத்தவர் நீங்கள். கேட்டுப் பாருங்கள். பதில் வராது, பின்னணி வரும்.

இந்தப் பின்னணியார் ஒரு பேராசிரியர். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், ஆராய்ச்சி மைக்ரோஃப்ளூயிடிக்ஸில். அதாவது, நகத்தளவு கண்ணாடிச் சிப் ஒன்றில் தலைமுடியை விட மெல்லிய வாய்க்கால்களை வெட்டி, அவற்றில் திரவத்தை ஓட்டிப் பார்க்கிற வேலை. அருமையான படிப்புதான், படிப்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இளநிலையில் தங்கப் பதக்கம், முதுநிலையில் வெப்ப இயந்திரம், முனைவர் பட்டத்துக்குக் குளிர் நாடு ஒன்றில் பெரிய பேராசிரியர் ஒருவரின் கீழ் நீர்க்குமிழி, அதற்கப்புறம் அதைவிடக் குளிரான நாட்டில், அதைவிடப் பெரிய பேராசிரியரின் கீழ், அதைவிடச் சின்ன நீர்க்குமிழி என்று இவர் ஆரம்பித்தால், எதிரே நிற்பவர் லிஃப்டுக்காகக் காத்திருப்பவரா, பக்கத்து வீட்டுக்காரரா, மின்சாரக் கணக்கெடுக்க வந்தவரா என்பதெல்லாம் இவர் கண்ணில் படாது. இவர் மனைவி இப்போதெல்லாம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். ‘சாப்பிட வாங்க’, ‘கதவைச் சாத்துங்க’ என்று எல்லாவற்றையும் கட்டளையாகவே சொல்லப் பழகிக்கொண்டார். இந்தப் பின்னணியை முழுதாகக் கேட்காத ஒரே மனிதர் பல் டாக்டர். அங்கே இவர் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டுமே தவிரப் பேச முடியாது.

சரி, இவ்வளவு பின்னணிக்கும் முன்னால் என்னதான் இருக்கிறது? ‘ஒரு சொட்டு ரத்தம் போதும், உடம்பில் உள்ள நோயெல்லாம் வெளியே தெரிந்துவிடும்’ என்கிற அந்தச் சிப் இருக்கிறது. ஆய்வகத்துக்கு யார் வந்தாலும் அதில் சிவப்புச் சாயத் தண்ணீரும் நீலச் சாயத் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காமல் ஜோடியாக ஓடும். வந்தவர்கள் வாய் பிளப்பார்கள், படம் எடுப்பார்கள், கை குலுக்கிவிட்டுப் போவார்கள். ரத்தம்? அதை இவர் ஒரு நாளும் உள்ளே விட்டதில்லை. சாயத் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கும்.

விட்டுப் பார்த்தவள் இவருடைய ஆராய்ச்சி மாணவி. தன் விரலையே குத்திக் குத்தி அவள் விட்ட ரத்தம் முதல் வளைவிலேயே உறைந்து அடைத்துக்கொண்டது. வளைவை மாற்றினாள், அகலத்தை மாற்றினாள், ரத்தம் மசியவில்லை. ஏன் உறைகிறது, எந்த இடத்தில் உறைகிறது என்று கண்டுபிடித்து, தன் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதினாள். அந்த ஏட்டிலேயே உருப்படியான அத்தியாயம் அதுதான்.

பின்னணியார் அதைப் படித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, சுருக்கமாகப் பேசினார்.

“இதை எடுத்துடும்மா. உனக்கு டிகிரி முக்கியமா, இந்த அடைப்பு முக்கியமா?”

வேறு ஊரில் ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனி அவளுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. பட்டம் வந்தால்தான் அந்த வேலை, இவர் கையெழுத்து விழுந்தால்தான் பட்டம். அவள் அம்மாவோ, எப்போது முடியும், எப்போது முடியும் என்று ஃபோனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் மாணவி அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டாள். எடுத்த அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் ரத்த நோய் டாக்டரம்மா ஒருவர். சாயத் தண்ணீர் ஓடுவதை மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஊசியை எடுத்துத் தன் விரல் நுனியில் குத்தி, பொட்டு மாதிரி திரண்டு வந்த ரத்தத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“இதை விடலாமாம்மா?” என்று மாணவியைத்தான் கேட்டார்.

அவள் வாயைத் திறக்குமுன் பின்னணியார் எழுந்துவிட்டார். அதற்கு முன்னால் தம்முடைய பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது என்றார். தங்கப் பதக்கம் வந்தது, வெப்ப இயந்திரம் வந்தது, குளிர் நாடு வந்தது, பெரிய பேராசிரியர் இவர் தோளில் தட்டிக்கொடுத்த அந்தச் சாயங்காலம் வந்தது. ரத்தம் மட்டும் பேச்சில் வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? டாக்டரம்மா விரலை இறக்காமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது குளிர் நாட்டில் பேச்சு பாதியில் இருக்கும்போது விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“உறைஞ்சே போச்சு சார்,” என்றார். “வெளியிலயே இப்படின்னா, உள்ள போனா என்ன ஆகும்?”

பின்னணியார் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். கையெழுத்துப் போட வேண்டிய தாள் அவர் முன்னால்தான் கிடந்தது. மாணவி அந்தத் தாளைப் பார்த்தாள், டாக்டரம்மாவின் விரலைப் பார்த்தாள். போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

“அடைச்சுக்கும் மேடம். முதல் வளைவுலயே. ஒரு அத்தியாயமா எழுதியிருந்தேன், எடுக்கச் சொன்னாங்க.”

யார் சொன்னது என்று டாக்டரம்மா கேட்கவில்லை. அந்த அறையில் அவளை எடுக்கச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அந்த அத்தியாயத்தைக் கொண்டுவரச் சொல்லி, மற்றவர்களை உட்கார வைத்துக்கொண்டே முழுவதும் படித்தார். பட்டம் கொடுத்தால் இதற்காகத்தான் கொடுக்க வேண்டும், இதைத் திரும்பச் சேர்த்தால் தான் இப்போதே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார். பின்னணியாரும் போட்டார். போடாமல்?

மாணவி பட்டத்தோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். பின்னணியார் வெட்கப்பட்டுத் திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? நல்ல ஆள் நீங்கள். குப்புற விழுந்தவர் மீசையில் மண் ஒட்டினால்தானே. அடுத்த கருத்தரங்கிலேயே தங்கப் பதக்கத்துக்கும் குளிர் நாடுகளுக்கும் பின்னால் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: ‘நுண் வாய்க்கால்களில் ரத்தம் உறைவதை ஆராய்ந்து வெளிப்படுத்திய குழுவின் தலைவர்.’ பலத்த கைதட்டல்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் மகள் ஒரு கணக்கைக் கொண்டுவந்து எப்படிப் போடுவது என்று கேட்டாளே, “நாங்கல்லாம் படிக்கிறப்ப...” என்று ஆரம்பித்தீர்களே, அந்தக் கணக்கு முடிந்ததா? முடிந்திருக்காது. இனி யாராவது உங்களிடம் ஏதாவது கேட்டால், பேச ஆரம்பிக்குமுன் அவர் விரலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.